ரூத் காலோவே துப்பறியும் வரிசை: என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மலேசியாவில் பட்டர்வர்த்தில் வீடு, எதிரே பினாங்குத் தீவில் வேலை. தினமும் பெர்ரியில் போய் வருகிற அந்தப் பத்துப் பதினைந்து நிமிடத்தில் நான் ஏதாவது படித்துக்கொண்டிருப்பேன், பக்கத்தில் உட்காருகிறவர்கள் அட்டையில் எலும்பையும் கடற்கரையையும் பார்த்துவிட்டு ஏதாவது கேட்பார்கள். அப்படித் தொடங்கியதுதான். இப்போது அலுவலகத்தில் நாலு பேர், கோயில் தோழிகள் மூன்று பேர், என் அத்தை மகள் என்று ஒரு பெரிய கூட்டமே என் பிரதிகளைச் சுற்றுக்கு விட்டுப் படிக்கிறது. ஆளுக்கு ஆள் ஒரே கேள்வியைக் கேட்பதால், சரி, ஒரே இடத்தில் எழுதி வைத்துவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

இது எதைப் பற்றிய கதை?

எழுதியவர் எல்லி கிரிஃபித்ஸ். அது புனைபெயர், உண்மைப் பெயர் டொமெனிகா டி ரோஸா. இங்கிலாந்துக்காரர். 2009ல் இந்த வரிசையின் முதல் நாவல் ‘தி கிராஸிங் பிளேசஸ்’ வந்தது, 2023ல் ‘தி லாஸ்ட் ரிமெய்ன்ஸ்’ வந்தது, மொத்தம் 15 நாவல்கள். எல்லாவற்றிலும் நாயகி ரூத் காலோவேதான். இங்கிலாந்தின் கிழக்கு ஓரம் நார்ஃபோக் என்ற பகுதியில், கதைக்காகக் கற்பனை செய்த ஒரு பல்கலைக்கழகத்தில், தடயவியல் தொல்லியல் சொல்லிக் கொடுக்கிறவள். போலீசுக்கு எங்கேயாவது எலும்பு கிடைத்தால் அவளைக் கூப்பிடுகிறார்கள்.

கதை தொடங்கும்போது அவளுக்கு நாற்பதை நெருங்குகிற வயது. கல்யாணம் ஆகவில்லை, பூசினாற்போல உடம்பு, அதைப் பற்றி அம்மா பேசுகிற பேச்சு வேறு. சதுப்பு நிலத்து ஓரத்தில் தனி வீடு, துணைக்குப் பூனை. அவளைத் தேடி வருகிற போலீஸ் அதிகாரி ஹாரி நெல்சன். வடக்கே பிளாக்பூல் ஊர்க்காரர், நார்ஃபோக்கை அவருக்குப் பிடிக்கவே பிடிக்காது, வண்டியை வேகமாக ஓட்டுவார், கல்யாணமாகி இரண்டு பெண் பிள்ளைகள்.

தடயவியல் தொல்லியலாளர் என்றால் டாக்டரா, போலீஸா?

இரண்டுமில்லை. மண்ணைப் படிக்கத் தெரிந்தவர் என்று சொல்லலாம்.

வீட்டுத் தோட்டத்தில் ஒரு குழி தோண்டி, எடுத்த மண்ணையே திரும்பப் போட்டு மூடிப் பாருங்கள். எவ்வளவு மிதித்தாலும் பழையபடி ஆகாது. மேல் மண்ணும் அடி மண்ணும் கலந்துவிடும், நிறம் மாறும், கொஞ்ச நாளில் அந்த இடம் லேசாகப் பள்ளம் தட்டும், அங்கே முளைக்கிற புல்கூட சுற்றியிருப்பதைப் போல இருக்காது. அந்தக் குழியின் விளிம்பு மண்ணில் அப்படியே எழுதி வைத்ததுபோல நிற்கும். அதைக் கண்டுபிடித்து, கரண்டியால் கொஞ்சம் கொஞ்சமாகச் சுரண்டி, விளிம்பைக் கெடுக்காமல் திறப்பதுதான் இவர்கள் வேலை. மண்வெட்டித் தடம் எப்படி விழுந்திருக்கிறது, எந்த அடுக்கை வெட்டிக்கொண்டு குழி இறங்கியிருக்கிறது, மேலே எத்தனை அடுக்கு படிந்திருக்கிறது என்பதையெல்லாம் வைத்துக் குழியை அவசரமாக வெட்டினார்களா, நிதானமாக வெட்டினார்களா, எதற்குப் பிறகு வெட்டினார்கள் என்று சொல்லிவிடுவார்கள். கொத்து வேலைக்கு வருகிறவரை விட்டு இயந்திரத்தால் தோண்டினால் எலும்பு கிடைக்கும், கதை போய்விடும்.

அப்புறம் ஒரு விஷயம். நிஜத்தில் தோண்டுகிறவர் ஒருவர், எலும்பைப் பார்த்து ஆணா பெண்ணா, வயது என்ன என்று சொல்கிறவர் இன்னொருவர், எப்படிச் செத்தார் என்று சொல்கிற தடயவியல் மருத்துவர் மூன்றாமவர். நாவலில் முதல் இரண்டு வேலையையும் பெரும்பாலும் ரூத்தே பார்த்துவிடுகிறாள். கதைக்கு வசதி, விட்டுவிடலாம்.

முதல் புத்தகத்திலிருந்துதான் படிக்க வேண்டுமா? கையில் ஏழாவதுதான் கிடைத்தது.

ஏழாவதைத் தூக்கி அலமாரியில் வையுங்கள். இதில் நான் கொஞ்சமும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

நாம் பாக்கெட் நாவல் படித்து வளர்ந்தவர்கள். அதில் துப்பறிகிறவருக்கு வயதே ஆகாது, எதை எங்கே எடுத்துப் படித்தாலும் ஒன்றும் குறையாது. இது அப்படியில்லை. ரூத்துக்கு ஒரு மகள் பிறக்கிறாள், பெயர் கேட். அந்தக் குழந்தை நம் கண் எதிரே தவழ்ந்து, பள்ளிக்கூடம் போய், எதிர்த்துப் பேசுகிற வயதுக்கு வந்துவிடுகிறது. வேலை மாறுகிறது, ஆட்கள் சாகிறார்கள், ஜூனியராக இருந்த போலீஸ்காரர்கள் பதவி உயர்கிறார்கள். பதினான்காவது புத்தகம் 2020 ஊரடங்கில் நடக்கிறது. ஒவ்வொரு கொலையும் அந்தந்தப் புத்தகத்தில் முடிந்துவிடும். மற்றதெல்லாம் முடியாது.

குழந்தையின் அப்பா யார்?

படித்துத் தெரிந்துகொள்ளுங்கள். என் அத்தை மகள் இதைக் கேட்டு இரவு பதினொன்றரைக்குப் போன் செய்தாள், அவளுக்கும் சொல்லவில்லை.

ஆங்கிலம் கடினமாக இருக்குமா?

இருக்காது. நாவல்கள் முழுக்க நிகழ்காலத்தில் போகின்றன: ரூத் நடக்கிறாள், குனிகிறாள், போன் அடிக்கிறது, இந்தப் பாணி. சிலருக்கு இது எரிச்சலாக இருக்கும், எனக்கே முதல் ஐம்பது பக்கம் கரடுமுரடாகத்தான் இருந்தது, பிறகு பழகிவிட்டது. வாக்கியங்கள் சின்னச் சின்னதாக இருக்கும். நகைச்சுவை உலர்ந்த வகை, அவள் தனக்குள் சொல்லிக்கொள்வதில்தான் பாதி சிரிப்பு. கல்லூரியில் ஆங்கில இலக்கியம் படித்தவர்தான் படிக்க முடியும் என்றில்லை, பள்ளியில் ஐந்தாம் படிவத்து எஸ்.பி.எம். தேர்வுக்குப் படித்த ஆங்கிலம் தாராளமாகப் போதும்.

அந்தச் சதுப்பு நிலம் நிஜமான இடமா?

நாவலில் வருகிற ‘சால்ட்மார்ஷ்’ கற்பனை. ஆனால் அப்படிப்பட்ட நிலம் நார்ஃபோக் கடற்கரை நெடுக உண்டு. கிரிஃபித்ஸின் கணவர் ஒரு தொல்லியலாளர். இரண்டு பேரும் அங்கே டிட்ச்வெல் என்ற சதுப்பில் நடந்துகொண்டிருந்தபோது, அந்தக் கால மக்கள் சதுப்பை நிலமும் இல்லாத, கடலும் இல்லாத நடு இடமாக நினைத்தார்கள், அதனால்தான் உயிருக்கும் சாவுக்கும் நடுவே உள்ள வாசல்போல அங்கே காணிக்கைகளையும் உடல்களையும் புதைத்தார்கள் என்று கணவர் சொல்லியிருக்கிறார். அந்த ஒரு பேச்சிலிருந்து ரூத் பிறந்தாள்.

கதையில் வருகிற மரவட்டத்துக்கும் நிஜத்தில் ஒரு மூலம் இருக்கிறது. 1998ல் நார்ஃபோக்கில் ஹோம் என்ற கடற்கரையில் மணல் அரித்துக்கொண்டு போனபோது, 55 ஓக் மரக் கம்பங்கள் வட்டமாக நட்டு, நடுவே ஒரு பெரிய மரத்தின் அடிக்கட்டையை வேர் மேலே இருக்கும்படி தலைகீழாகக் கவிழ்த்து வைத்திருந்தது தெரிந்தது. ‘சீஹெஞ்ச்’ என்று பெயர் வைத்தார்கள். மரத்தின் வளையங்களை எண்ணிப் பார்த்து, கி.மு. 2049ல் வெட்டிய மரங்கள் என்று வருடத்தையே சொல்லிவிட்டார்கள். அடுத்த வருடம் அதைத் தோண்டி எடுத்தபோது பெரிய எதிர்ப்பு. பழைய கெல்டிக் பூசாரிமார் வழியைப் பின்பற்றுகிற ட்ரூயிட்டுகள் வந்து, இது வழிபாட்டு இடம், தொடாதே என்றார்கள். இப்போது கிங்ஸ் லின் நகர அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

நாவலில் அந்த எதிர்ப்புக் கும்பலிலிருந்து வருகிறவர்தான் கேத்பேட். ஊதா மேலங்கி போட்டுக்கொண்டு திரிகிற ட்ரூயிட், பிழைப்புக்குப் பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்தில் உதவியாளர். முதலில் கோமாளி என்று நினைப்பீர்கள். மூன்றாவது புத்தகம் வருவதற்குள் அவர் வராத அத்தியாயம் உப்பில்லாத மாதிரி இருக்கும். சாமியாடிகளையும் சிரித்துக்கொண்டே மதிக்கத் தெரிந்த நம் ஆட்களுக்கு அவரைப் புரிந்துகொள்ள ஒரு கஷ்டமும் இல்லை, பினாங்குத் தண்ணீர்மலை முருகன் கோயில் அடிவாரத்தில் அவரை நிறுத்தினால் அப்படியே கலந்துவிடுவார்.

முதல் புத்தகத்தில் நடப்பதுபோல் நிஜத்தில் நடக்குமா?

முதல் புத்தகத்தில் கடற்கரைச் சேற்றில் ஒரு குழந்தையின் எலும்பு கிடைக்கிறது. பத்து வருடத்துக்கு முன் காணாமல் போன சிறுமி என்று நெல்சன் நினைக்கிறார். ரூத் வந்து பார்க்கிறாள், அது இரும்புக்கால எலும்பு, இரண்டாயிரம் வருடத்துக்கு மேல் பழையது. (இது முதல் சில அத்தியாயங்களிலேயே வந்துவிடும், நான் ஒன்றும் கெடுக்கவில்லை.)

நிஜத்தில் இதைவிட விசித்திரமாகவே நடந்திருக்கிறது. 1983ல், இங்கிலாந்தில் செஷயர் பகுதியில் லிண்டோ என்ற கரிச்சேற்றுச் சதுப்பில் கரிமண் வெட்டுகிறவர்களுக்கு ஒரு மண்டையோட்டுத் துண்டு கிடைத்தது. அந்தச் சதுப்புக்குப் பக்கத்தில் குடியிருந்த ஒருவரின் மனைவி பல வருடமாகக் காணவில்லை, போலீசுக்கு அவர்மேல் சந்தேகம் இருந்தது. விஷயத்தைச் சொன்னதும், ஆமாம், நான்தான் கொன்றேன் என்று ஒப்புக்கொண்டுவிட்டார். பிறகு கார்பன் சோதனை முடிவு வந்தது: அந்த மண்டையோடு ஏறக்குறைய 1,700 வருடம் பழையது! ஆனால் சொன்னது சொன்னதுதானே, வாக்குமூலத்தை வைத்தே அவருக்குத் தண்டனை கிடைத்தது. மனைவியின் உடல் கிடைக்கவே இல்லை. மறு வருடம் அதே சதுப்பில் கிடைத்த பழங்கால உடல்தான் உலகப் புகழ்பெற்ற ‘லிண்டோ மனிதர்’.

எலும்பு பழையதா புதியதா என்று பார்த்தவுடன் தெரியுமா?

பார்த்தவுடன் தெரியாது, அதனால்தான் கதையே நகர்கிறது. உயிரோடு இருக்கும்வரை நம் உடம்பில் கார்பன் 14 என்ற கதிரியக்கக் கார்பன் சேர்ந்துகொண்டே இருக்கும், செத்த பிறகு அது குறைய ஆரம்பித்து 5,730 வருடத்தில் பாதியாகும். எவ்வளவு மிச்சம் என்று அளந்து பின்னோக்கிக் கணக்குப் போடுகிறார்கள். போலீசுக்கு உதவுகிற இன்னொரு சங்கதி உண்டு. 1950களிலும் 60களின் தொடக்கத்திலும் வானத்தில் அணுகுண்டு சோதனைகள் நடத்தித் தள்ளினார்களே, அதில் காற்றில் கார்பன் 14 ஏறத்தாழ இரட்டிப்பானது. அதற்குப் பிறகு வாழ்ந்தவர்களின் எலும்பில் அந்தக் கூடுதல் அளவு தெரியும். அப்படியென்றால் அது தொல்லியல் இல்லை, வழக்கு.

நம் ஊரில் ஒரு ரூத் இருந்தால் வேலை இருக்குமா?

இந்தக் கேள்விக்குத்தான் நான் நீளமாகப் பதில் சொல்வேன், மன்னிக்கவும்.

நம் மண் எலும்புக்கு எதிரி. சூடு, ஈரம், அமிலத்தன்மை, வேர், கரையான், இத்தனையும் சேர்ந்து கொஞ்ச காலத்திலேயே எலும்பைத் தின்றுவிடும். அதனால் இங்கே பழைய எலும்பு கிடைப்பது சுண்ணாம்பு இருக்கிற இடங்களில்தான். பேராக் லெங்கோங்கில், சுண்ணாம்புக் குகை ஒன்றில், 1991ல் ‘பேராக் மனிதர்’ கிடைத்தார், பத்தாயிரம் வருடத்துக்கு மேல் பழையவர். கால்களை மடக்கி, சுற்றிலும் ஆற்று நத்தை ஓடுகளைக் கொட்டிப் புதைத்திருந்தார்கள். பிறவியிலேயே இடது கை குறைபாடுள்ளவர். அப்படிப்பட்டவரை நாற்பது வயது தாண்டும்வரை கூட இருந்தவர்கள் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள், செத்த பிறகும் அவ்வளவு மெனக்கெட்டு அடக்கம் செய்திருக்கிறார்கள்.

நம் பக்கம், கப்பளா பத்தாஸ் அருகே, மூடா ஆற்றங்கரைப் பகுதியில் குவார் கெப்பா என்று ஓர் இடம் இருக்கிறது. புதிய கற்கால மக்கள் சிப்பியும் மட்டியும் தின்று ஓட்டை எறிந்து எறிந்தே மேடாகிப்போன இடம். ஓட்டில் இருக்கிற சுண்ணாம்பு மண்ணின் அமிலத்தை முறித்துவிடுவதால் எலும்பு தப்பித்தது. 2017ல் அங்கே கண்காட்சிக்கூடம் கட்டத் தோண்டியபோது ஒரு பெண்ணின் எலும்புக்கூடு வந்தது, ஐயாயிரம் வருடத்துக்கு மேல் பழையது. பல்கலைக்கழகத்திலிருந்து தொல்லியலாளர்கள் வந்து எடுத்தார்கள். ‘பினாங்குப் பெண்’ என்கிறார்கள். நம்மில் எத்தனையோ பேர் அந்தப் பக்கம் சாலையில் நூறு தடவை போயிருப்போம், ஒன்றும் தெரியாது. வெள்ளைக்காரர் காலத்தில் அங்கே தோண்டி எடுத்த 41 பேரின் எலும்புகள் நெதர்லாந்தில் லெய்டன் நகருக்குப் போய்ச் சேர்ந்தன, அவற்றைத் திருப்பிக் கேட்கும் பேச்சு இங்கே உண்டு. ரூத் வரிசையில் நாலாவது புத்தகம் ‘எ ரூம் ஃபுல் ஆஃப் போன்ஸ்’ இதே சண்டையைப் பற்றியதுதான்: ஆஸ்திரேலியப் பழங்குடி மக்களின் மண்டையோடுகள் ஓர் ஆங்கிலேய அருங்காட்சியகத்தில் இருக்கின்றன, எங்கள் முன்னோரைத் திருப்பிக் கொடு என்று கேட்கிறார்கள்.

அப்புறம் அண்மைக் காலத்து எலும்புகள். 2015 மே மாதம் பெர்லிஸ் மாநிலத்தில், தாய்லாந்து எல்லையை ஒட்டிய வாங் கெலியான் காட்டில், ஆள் கடத்தல்காரர்கள் நடத்திய 28 முகாம்களும் 139 குழிகளும் இருப்பதாகப் போலீஸ் அறிவித்தது. இந்த மாதிரி இடத்தில்தான் மண்ணைப் படிக்கத் தெரிந்தவர் வேண்டும்.

இன்னொன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. என் தாத்தாவின் அண்ணன் ஜப்பான்காரன் காலத்தில், தோட்டத்திலிருந்து சயாம் மரண ரயில் வேலைக்குப் போனவர். சயாமிலிருந்து பர்மாவுக்கு 415 கிலோமீட்டர் பாதை, 1942ல் தொடங்கி 1943 அக்டோபரில் இணைத்தார்கள். அவர் திரும்பவில்லை. அந்தப் பாதை போகிற தாய்லாந்துக் காஞ்சனபுரிக்கு நான் போயிருக்கிறேன். அங்கே போர்க்கைதிகளின் கல்லறைத் தோட்டத்தில் ஏறத்தாழ 7,000 கல்லறைகள், பெரும்பாலானவற்றில் பெயர், வயது, படைப்பிரிவு, புல்லை வெட்டி ஒழுங்காக வைத்திருக்கிறார்கள். நம் தோட்டத்து ஆட்கள் செத்த இடத்தில் அப்படியே புதைந்தவர்கள், பெயர் எழுத யாருமில்லை. மூன்றாவது புத்தகத்தில், கடலோரப் பாறை சரிந்து, போர்க்காலத்தில் கைகளைக் கட்டிக் கொன்ற ஆறு பேரின் எலும்புகள் வெளியே வரும். இவர்கள் யார் என்று கேட்க ஒரு ரூத் இருக்கிறாள் அங்கே. அந்த அத்தியாயத்தைப் பெர்ரியில் படித்தேன், இறங்க மறந்து மறுபடி இக்கரைக்கே வந்துவிட்டேன்.

வீட்டுக்குப் பின்னால் தோண்டும்போது எலும்பு கிடைத்தால் என்ன செய்வது?

கையை எடுங்கள், தோண்டுவதை நிறுத்துங்கள், போலீசைக் கூப்பிடுங்கள். கழுவாதீர்கள், பையில் போட்டு எடுத்துக்கொண்டும் போகாதீர்கள். மண்ணில் எங்கே, எப்படிக் கிடந்தது என்பதுதான் பாதி சாட்சி. பழம்பொருள் என்று தெரிந்தால் 2005ம் வருட தேசிய மரபுடைமைச் சட்டத்தின்படி மாவட்ட அதிகாரிக்கோ மரபுடைமை ஆணையருக்கோ தெரிவிக்க வேண்டும்.

எங்கள் பக்கத்து வீட்டில் இப்படித்தான் சாக்கடைக்கு வெட்டியபோது ஒரு நீள எலும்பு வந்தது. மாமா அதை வேலி மேல் வைத்துவிட்டு, “மனுஷத் தொடை எலும்பு, சந்தேகமே இல்லை” என்று தெரு முழுக்கச் சொல்லிவிட்டார். போலீஸ் வந்து, படமெடுத்து, எடுத்துக்கொண்டு போய், இரண்டு நாளில் பதில் வந்தது: ஆடு. முன்பு அந்த இடத்தில் முனியாண்டி சாமிக்குக் கிடா வெட்டிப் படையல் போடுவார்களாம், அத்தைக்குத் தெரிந்திருக்கிறது, யாரும் அவரைக் கேட்கவில்லை.

ரத்தமும் கொடூரமுமாக இருக்குமா? அம்மாவுக்குக் கொடுக்கலாமா?

கொடுக்கலாம். சித்திரவதையை வரி வரியாக எழுதுகிற ஆள் இல்லை இவர். ஆனால் குழந்தைகள் சம்பந்தப்பட்ட கொலைகள் வரும், இரண்டாவது புத்தகத்தில் பழைய வீட்டு வாசற்படிக்கு அடியில் தலையில்லாத குழந்தையின் எலும்புக்கூடு. சின்னப் பிள்ளை வைத்திருக்கிறவர்கள் யோசித்து எடுங்கள்.

குறையே இல்லையா?

நிறைய. பேராசிரியரைப் போலீஸ் இப்படி விசாரணைக்கெல்லாம் கூட்டிக்கொண்டு திரியாது. ஒவ்வொரு புத்தகத்தின் முடிவிலும் யாராவது இருட்டில் தனியாகப் போய் மாட்டிக்கொள்வார்கள், அதுவும் புயல் அடிக்கும் நாளாகப் பார்த்து. கொலைகாரன் யார் என்பதைப் பாதியில் ஊகித்துவிடலாம் பல நேரம். ரூத்-நெல்சன் இழுபறி பத்தாவது புத்தகத்தில் என் பொறுமையைச் சோதித்தது, அது இத்தாலியில் வேறு நடக்கிறது, எனக்குச் சதுப்பு நிலம்தான் வேண்டும்.

15 முடித்தாயிற்று. அடுத்து?

இதே ஆசிரியரின் ஹர்பிந்தர் கவுர் நாவல்கள். சீக்கியப் பெண் போலீஸ் அதிகாரி, பெற்றோர் வீட்டிலேயே இருக்கிறவர், அந்த அம்மாவின் சமையலறைக் காட்சிகள் நமக்கு ரொம்பப் பக்கம். முதலாவது ‘தி ஸ்ட்ரேஞ்சர் டைரீஸ்’, 2020ல் அமெரிக்காவின் எட்கர் விருது வாங்கியது.

உங்கள் பிரதியைக் கடன் கொடுப்பீர்களா?

கொடுப்பேன். என்னுடையவை பாதி சௌராஸ்தா மார்க்கெட் மாடியில் பழைய புத்தகக் கடைகளில் பொறுக்கியவை, முதுகு ஒட்டியிருக்கும், பார்த்துப் பிரியுங்கள். ஒரு தடவைக்கு ஒன்றுதான், திருப்பித் தந்த பிறகுதான் அடுத்தது. இப்போதைக்கு மூன்றாவதோடு நிற்க வேண்டியிருக்கும், ஏனென்றால் நாலாவது போன தீபாவளிக்கு முன்பு போனது, இன்னும் வரவில்லை. எலும்புகளைத் திருப்பிக் கொடு என்று சண்டை போடுகிற அந்தப் புத்தகமேதான். யாரிடம் இருக்கிறது என்று எனக்குத் தெரியும், அவருக்கும் தெரியும்.